ஆர்.கே.பேட்டையில் கரை தட்டிய கல்லூரி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கம்பி உருட்டும் ஆலைக்கும் ரசாயன டிரம் கழுவும் கொட்டகைக்கும் நடுவில், கப்பல் வடிவத்தில் ஒரு நுழைவாயில் இருக்கிறது. உள்ளே போனால் பெருங்கடல் மாலுமிப் பயிற்சிக் கல்லூரி. அங்கிருந்து பார்த்தால் பெருங்கடல் தெரியாது. மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தாலும் தெரியாது. கம்பி ஆலையின் புகைபோக்கி தெரியும். அதன் நிழலில் பீடி பிடிக்கும் லாரி டிரைவர்கள் தெரிவார்கள்.

கல்லூரியின் தாளாளர் கேப்டன் சந்திரமோகன். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, தோளில் நான்கு தங்கப் பட்டை. அவர் கேப்டன் என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். 1986இல் மாவட்ட வாலிபால் அணிக்கு அவர்தான் கேப்டன். பிறகு பழைய இரும்பு வியாபாரத்தில் இறங்கினார். உடைத்த கப்பல்களின் துண்டுகளை வாங்கி இந்தப் பக்கத்து உலைகளுக்கு அனுப்பினார். ஆகவே கப்பல்களோடு அவருக்கு நீண்ட பழக்கம் உண்டு, எல்லாம் கிலோ கணக்கில். ஒருமுறை வந்த லோடில் உருக்க மனம் வராதபடி மூன்று பொருள்கள் இருந்தன: ஒரு நங்கூரம், ஒரு சுக்கான் சக்கரம், மரப்பெட்டிக்குள் பித்தளைக் கிண்ணத்தில் தொங்கும் ஒரு கடிகாரம். இவ்வளவு இருக்கும்போது மாணவர்கள் மட்டும்தானே பாக்கி என்று கல்லூரி தொடங்கிவிட்டார்.

அந்தக் கடிகாரத்துக்குக் குரோனோமீட்டர் என்று பெயர். நம் ஊரில் காலை எட்டு மணி என்றால் அது இரண்டரை காட்டும். அது லண்டன் மணி. கடலில் போகிறவன் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று செக்ஸ்டன்ட் கருவியால் அளந்து, அதே நொடியில் லண்டனில் மணி என்ன என்று இந்தக் கடிகாரத்தில் பார்த்து, கணக்குப் போட்டு, தான் கிழக்கு மேற்கில் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிப்பான். மணியில் நான்கு விநாடி பிசகினால் இடம் ஒரு கடல் மைல் பிசகும். இப்போது எல்லாக் கப்பலிலும் செயற்கைக்கோள் பார்த்துச் சொல்லிவிடுகிறது. ஆனாலும் பாடத்திட்டம் விடவில்லை.

கடிகாரம் சாராளின் பொறுப்பில் இருந்தது. நாற்பத்திரண்டு வயது, மீஞ்சூரிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள், ஆய்வக உதவியாளர், ஒப்பந்தம். ஒன்பது வருடமாக ஒப்பந்தம். கடிகாரத்துக்கு ஞாயிறு, பண்டிகை தெரியாது என்பதால் அவளுக்கும் தெரியக் கூடாது என்பது ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் கும்மிடிப்பூண்டி வந்து எட்டு மணிக்குச் சாவி கொடுத்துவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பி, மீஞ்சூர் சர்ச்சில் பிரசங்கம் பாதியில் நுழைவாள். பாதிரியார் அவளைப் பார்த்துத்தான் பிரசங்கத்தை முடிக்கப் பழகியிருந்தார்.

சாவியை ஏழரைச் சுற்று சுற்ற வேண்டும். "ஏழரை சுத்தப் போறியாக்கா?" என்று அலுவலகத்தில் சிரிப்பார்கள். "ஏழரை உங்களுக்குத்தாண்டா. நான் சர்ச்சுக்குப் போறவ" என்பாள்.

கப்பல் பாடம் எடுக்கும் எபினேசர், நிஜமாகவே கடலில் இருபது வருடம் கழித்தவர், அவளுக்கு மூன்றே விதிகள் சொல்லியிருந்தார். தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடு. தினமும் சிற்றலை ரேடியோவில் வரும் மணி ஒலியோடு ஒப்பிட்டு, எவ்வளவு தப்பு என்று எழுதி வை. எந்தக் காரணம் கொண்டும் முள்ளைத் தொடாதே.

"தப்பா ஓடுனா சரி பண்ணக் கூடாதா சார்?"

"கூடாதும்மா. தெனம் ஒரே அளவு தப்பு பண்ணா அது நல்ல கடியாரம். கழிச்சுக்கலாம். ஒரு நாள் ரைட்டு, ஒரு நாள் ராங்குன்னு ஓடுது பாரு, அதான் ஆபத்து."

சாராளுக்கு இது உடனே புரிந்தது. அவள் வீட்டுக்காரர் தேசப்பன் "இதோ வந்துட்டேன்" என்று போனில் சொன்னால் நாற்பது நிமிடம். பதினேழு வருடமாக நாற்பதே நிமிடம். அதை வைத்துத்தான் அவள் அடுப்பில் உலை ஏற்றுகிறாள்.

கடிகாரம் நாளுக்கு ஒன்றரை விநாடி பின்தங்கியது. அக்டோபரில் சென்னைக்கு அனுப்பித் துடைத்து, எண்ணெய் போட்டு, மணி சரியாக வைத்துக் கொண்டுவந்தார்கள். அன்று முதல் மழையோ வெயிலோ, பக்கத்து ஆலையில் கம்பி விழுந்து தரை அதிர்ந்தாலும், ஒன்றரை. ஜூன் மாதத்தில் மொத்தம் ஆறு நிமிடம் பின்தங்கியிருந்தது. எல்லாம் சாராளின் நீல அட்டை நோட்டில் நாள்வாரியாக இருந்தது. அட்டையில் எண்ணெய்க் கறை, பக்கங்களில் மல்லித்தூள் வாசனை. சாப்பாட்டுப் பையில் போய்வரும் நோட்டு அப்படித்தான் இருக்கும்.

இங்கே மற்றக் கடிகாரங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த ரயில் தடத்தில் எந்த வீட்டுக் கடிகாரமும் உண்மை பேசாது. ரயிலைப் பிடிக்க வேண்டுமே. சாராள் வீட்டில் பத்து நிமிடம் முன்னால். எதிர் வீட்டில் பன்னிரண்டு. அந்த வீட்டுப் பையன் எழுந்திருக்க மாட்டான். விருந்தாளி வந்தால் தண்ணீர் கொடுத்துவிட்டு, கழித்துக்கொள்ள வேண்டிய நிமிடத்தையும் சொல்லிவிடுவார்கள்.

கேப்டனின் தங்க வாட்ச் மட்டும் இந்த அற்பச் சமாச்சாரங்களுக்கு அப்பாற்பட்டது. "டைம்னா நம்ம டைம்தான். நேவி டைம்!" என்று மணிக்கட்டைத் தூக்கிக் காட்டுவார். கல்லூரியில் மாட்டியிருந்த அத்தனை கடிகாரமும் மூன்று நிமிடம் ஸ்லோ என்று கண்டுபிடித்தவர் அவர்தான். ஒவ்வொன்றாகத் திருத்த வைத்தார். மணி அடிக்கிறவரைத் திருத்தினார். வாட்ச்மேனைத் திருத்தினார். செல்போன்கள் வேறு மாதிரி காட்டுகின்றனவே என்று யாரோ முனகியபோது, "கம்பெனிக்காரன் அப்படி ஓட்டறான். நிமிஷத்துக்குக் காசு வாங்கறவன் இல்ல?" என்றார். இரண்டே வருடத்தில் கல்லூரி மொத்தமும் உலகத்துக்கு மூன்று நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தது. ஒருவரும் எதிர்க்கவில்லை. மூன்று நிமிடம் முன்னால் மணி அடித்தால் மூன்று நிமிடம் முன்னால் வீட்டுக்குக் கிளம்பலாம்.

குரோனோமீட்டர் மட்டும் தப்பித்தது. அதன் பெட்டிச் சாவி சாராளின் இடுப்பில் இருந்தது.

ஜூன் பதினான்காம் தேதி மாலை கேப்டன் ஆய்வகத்துக்குள் வந்தார். மறுநாள் ஆய்வு. கல்லூரிக்கு அனுமதியைப் புதுப்பிக்க ஆள் வருகிறார். கேப்டன் நங்கூரத்துக்கு வெள்ளி பெயின்ட் அடித்தாயிற்றா என்று பார்த்துவிட்டு, கடிகாரப் பெட்டிக்கு முன்னால் நின்றார். விரலை விட்டு ஐந்தரை மணி நேரம் கழித்தார். தங்க வாட்சைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"சாராள்! ஒன்பது நிமிஷம் ஸ்லோ!"

"ஆறு நிமிஷம் சார். ஆறு நிமிஷம் ரெண்டு செகண்டு. காலைல பாத்தது. புக்குல கீது."

"நான் ஒன்பதுன்னு சொல்றேன்."

"ரேடியோவ வெச்சுத்தான் சார் பாத்தேன்."

கேப்டன் நோட்டை வாங்கிப் புரட்டினார். ஒன்றரை, மூன்று, நாலரை, ஆறு என்று எட்டு மாதத்துக்குத் தப்பு வளர்ந்துகொண்டே போயிருந்தது.

"தப்புன்னு எட்டு மாசமா தெரியும். தெரிஞ்சும் எழுதிக்கினே இருந்திருக்கே. ஏம்மா, ஊடு பத்திக்கினா அணைப்பியா, நோட்டுப் போட்டு எழுதி வெப்பியா?"

"முள்ளத் தொடக் கூடாதுன்னு எபினேசர் சாருதான்..."

எபினேசர் கதவோரம் நின்றிருந்தார். கேப்டன் திரும்பி, "ஒரு மாலுமிக் கல்லூரியில மணி தப்பா ஓடலாமா எபினேசர்?" என்றார்.

"ஓடக் கூடாது சார். கரெக்ட் சார்" என்றார் எபினேசர். கடலில் இருபது வருடம் புயலைப் பார்த்தவர், கரைக்கு வந்து ஒரு தாளாளரைப் பார்த்துவிட்டார்.

கேப்டன் ஒரு புது நோட்டை மேஜையில் வைத்தார். "நாளைக்கு அதிகாரி கேட்டா இந்த நோட்டு வரணும். அக்டோபர்லேர்ந்து எல்லா நாளும் பூஜ்யம். வித்தியாசம் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். புரியுதா? உன் பர்மனென்ட் ஆர்டர் டைப் பண்ணி என் டிராயர்ல இருக்குது. நாளைக்கு எல்லாம் நல்லபடியா முடிஞ்சா கையெழுத்து. இல்லன்னா கான்ட்ராக்டும் இந்த மாசத்தோட சரி. பொட்டிச் சாவிய வெச்சிட்டுப் போ."

ஐந்து மணி ரயிலுக்கு நேரமாகியிருந்தது. சாராள் சாவியை வைத்தாள். பர்மனென்ட் என்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்று விடுப்பு. தேசப்பனின் முழங்காலுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமனை. ஒன்பது வருடம் எட்டு மணி என்றால் எட்டு மணிக்கு வந்ததற்கு ஒரு காகிதம்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பூஜ்யம் போட ஆரம்பித்தாள். எதிரே வெள்ளரிக்காய்க் கூடையோடு இருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, டீச்சரா? புள்ளைங்களுக்கு இம்மாம் முட்டை போட்டுக்கினு கீற?"

"ஒரே புள்ளைக்குத்தாங்க்கா. எட்டு மாசத்து முட்டை."

"அத்தனையும் ஃபெயிலா? பாவம், இன்னா பண்ணுச்சாம்?"

"தெனம் ஒரே மாதிரி நடந்துக்கிச்சு" என்றாள் சாராள். மீஞ்சூர் வருவதற்குள் இருநூற்று நாற்பது பூஜ்யம் முடிந்துவிட்டது. வேலை என்று பார்த்தால் சுலபமான வேலைதான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ரேடியோவைத் திருப்பி, மணி ஒலிக்குக் காது கொடுத்து, மேஜையிலேயே கிடந்த சாவியால் பெட்டியைத் திறந்தாள். இரண்டு மணி இருபத்துமூன்று நிமிடம் ஐம்பத்தாறரை விநாடி இருக்க வேண்டும். இருந்தது இரண்டு மணி முப்பத்திரண்டு நிமிடம் ஐம்பத்தாறரை விநாடி. ஆறு நிமிடம் பின்னால் இருந்த கடிகாரம், ஒரே இரவில் மூன்று நிமிடம் முன்னால் ஓடிவந்திருந்தது.

சாராள் பதறவில்லை. விநாடி முள்ளைப் பார்த்தாள். அது நேற்றைய இடத்திலிருந்து ஒன்றரை விநாடி பின்தங்கி, எப்போதும் போல நல்ல பிள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. நிமிட முள்ளை மட்டும் யாரோ ஒன்பது கோடு தள்ளி உட்கார வைத்திருந்தார்கள். மிச்சமில்லாமல் ஒன்பது. கேப்டனின் ஒன்பது.

பழைய நோட்டை எடுத்தாள். புதுசு இருக்கும்போது பழையதை ஏன் எடுத்தாள் என்றால், எட்டு மணிக்கு அந்த நோட்டை எடுத்துப் பழக்கம். எழுதினாள்: "ஜூன் 15. முன்னால் 2 நிமிடம் 56.5 விநாடி. நிமிட முள் 9 நிமிடம் நகர்த்தப்பட்டது." நகர்த்தியவர் பெயர் எழுதவில்லை. அவ்வளவு மரியாதை அவளுக்கு உண்டு.

கேப்டன் வந்ததும் வாசலிலேயே பிடித்தாள். "சார், கடியாரம் மூணு நிமிஷம் பாஸ்ட்டா கீது சார்."

"நான் நேத்து என் கையால வெச்சேன். இப்போ அது கரெக்ட்."

"ரேடியோல..."

"உன் ரேடியோ மூணு நிமிஷம் ஸ்லோ."

சாராள் எபினேசரைப் பார்த்தாள். எபினேசர் உதட்டைத் திறந்தார். கேப்டனும் அவரைப் பார்த்தார். "ரேடியோவும்... சில நேரம்... கரெக்ட் சார்" என்று முடித்தார்.

பத்தரைக்குள் வருவார் என்று சொன்ன அதிகாரி எட்டே முக்காலுக்கே வந்துவிட்டார். பெயர் அப்துல் கனி. பழவேற்காட்டுக்காரர். பெரிய சரக்குக் கப்பல்களை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர். சாதாரண அரைக்கைச் சட்டை, தோளில் ஒன்றுமில்லை. நங்கூரப் படம் போட்ட கோப்பையில் டீ வந்தது.

"கேப்டன் எந்தக் கப்பல்ல இருந்தீங்க?" என்றார்.

"நிறையக் கப்பல் பார்த்தவன் சார் நான். குஜராத் கரையில மட்டும் ஒரு நாற்பது இருக்கும்."

"குஜராத்தா? அங்க கப்பல உடைக்கிற எடமாச்சே."

"உடைக்கறதுக்கு முன்னாடி பார்ப்பேன்" என்றார் கேப்டன் கம்பீரமாக.

அப்துல் கனி டீயைக் குடித்து முடித்தார். "நோட்டு, போட்டோ எல்லாம் அப்புறம் பாக்கலாம். ஒரு பிள்ளையக் கூப்பிடுங்க. மாடில சூரியனப் பாத்து, நாம எங்க இருக்கோம்னு சொல்லட்டும். அது போதும் எனக்கு."

கேப்டனுக்கு இது பிடித்திருந்தது. கல்லூரி எங்கே இருக்கிறது என்பதில் அவருக்குக் குழப்பமில்லை. இடத்தை வாங்கியவரே அவர்தான்.

கடல் இருந்தால் அடிவானத்தைக் கொண்டு சூரியனை அளக்கலாம். சிப்காட்டில் அடிவானம் கிடைக்காது. அதற்கு ஒரு வழி உண்டு. தட்டையான தட்டில் எண்ணெய் ஊற்றி, அதில் தெரியும் சூரியனையும் மேலே உள்ள சூரியனையும் சேர்த்து அளந்து பாதியாக்க வேண்டும். கேப்டனின் டிரைவர் ரகு கார் என்ஜினிலிருந்து எடுத்த கறுப்பு எண்ணெயைப் பேக்கரித் தட்டில் ஊற்றிக் கொண்டுவந்தான். இறுதியாண்டு மாணவி ஸ்நேகா செக்ஸ்டன்ட்டோடு குனிந்தாள். கீழே கம்பி லாரி ஒன்று போனது. தட்டில் சூரியன் நடுநடுங்கியது.

"போவட்டும், இரு" என்றார் அப்துல் கனி.

லாரி போனது. இன்னொன்று வந்தது. அதுவும் போனது. கேப்டன் எண்ணெயில் தன் தொப்பி தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தார். ஸ்நேகா, "சார், கொஞ்சம் நவுருங்க சார், சூரியன் போச்சு" என்றாள்.

எண்ணெய் அடங்கியதும் "இப்போ!" என்று கத்தினாள். சாராள் கையிலிருந்த ஸ்டாப் வாட்சைத் தட்டிவிட்டுக் கீழே இறங்கினாள். குரோனோமீட்டரை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. கடிகாரத்தைப் பார்த்து, இறங்கி வர ஆன நேரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். கழித்து, காகிதத்தில் எழுதி, மேலே வந்து கொடுத்தாள்.

"இது கடியாரம் காட்டுன மணி" என்றார் அப்துல் கனி. "கடியாரத்துல பிழை எவ்வளவு?"

"பூஜ்யம்!" என்றார் கேப்டன்.

சாராள் வாயைத் திறந்தாள். கேப்டன் அவள் பக்கம் திரும்பாமலே, டிராயரைத் திறந்து மூடுவது போலக் கையை அசைத்தார். வாயை மூடிக்கொண்டாள்.

ஸ்நேகா பிழை என்ற இடத்தில் பூஜ்யம் போட்டு, அட்டவணைகளைப் புரட்டி, இருபது நிமிடம் கணக்குப் போட்டாள். முடித்துவிட்டு, பேனாவின் மூடியைக் கடித்தாள். மறுபடி முதலிலிருந்து போட்டாள். அதே விடை.

"இன்னாம்மா ஆச்சு?" என்றார் அப்துல் கனி.

"சார்... கல்லூரி இங்க இல்ல சார்."

அப்துல் கனி பையிலிருந்து மாவட்ட வரைபடம் ஒன்றை எடுத்துத் தண்ணீர்த் தொட்டி மேல் விரித்தார். சூரியனை ஒரு முறை பார்த்தால் ஒரு கோடு கிடைக்கும். கப்பல் அந்தக் கோட்டில் எங்கேயாவது இருக்கும். ஸ்நேகாவின் விடையை வைத்து ஸ்கேலால் கோடு போட்டார். கோடு கும்மிடிப்பூண்டியின் பக்கமே வரவில்லை. திருவள்ளூரைத் தாண்டி, திருத்தணியைத் தாண்டி, மேற்கே ஆந்திர எல்லையோரம் போய் இறங்கியது. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"ஆர்.கே.பேட்டை."

ஸ்கேலை வைத்துத் தூரத்தை அளந்தார்.

"எண்பது கிலோமீட்டர் உள்ள வந்துட்டோம்" என்றார் அப்துல் கனி. "கப்பலா இருந்தா இந்நேரம் யாரோ வேர்க்கடலை போட்ட நெலத்துல நின்னுகினு இருப்போம்."

டீ கொண்டுவந்த ரகு, "அங்க தண்ணியே கெடையாது சார். எங்க மச்சான் ஊரு. போர் போட்டாலும் வராது" என்று தகவல் சொன்னான்.

கேப்டன் விழித்துக்கொண்டார். எண்ணெய் சரியில்லை என்றார். லாரி என்றார். செக்ஸ்டன்ட் பழசு என்றார். இந்த மாதத்தில் சூரியன் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும் என்றும் சொல்லிப் பார்த்தார். கடைசியில் ஸ்நேகாவிடம் வந்து சேர்ந்தார். "இந்தப் பொண்ணு கணக்குல வீக் சார். இறுதியாண்டு வரைக்கும் எப்படி வந்ததுன்னே தெரியல. நான் நடவடிக்கை எடுக்கறேன். என்ன எபினேசர்?"

ஸ்நேகா எபினேசரைப் பார்த்தாள். எபினேசர் புகைபோக்கியைப் பார்த்தார். "கரெக்ட் சார்."

"கணக்கு நான் பாத்துக்கினுதான் இருந்தேன். கணக்குல தப்பு இல்ல" என்றார் அப்துல் கனி. "கடியார நோட்டு யாராண்ட கீது?"

சாராள் பைக்குள் கைவிட்டாள். இரண்டு நோட்டும் ஒரே அளவு. ஒன்று வழவழ, ஒன்று பிசுபிசு. வழவழவைக் கொடுத்தால் டிராயர் திறக்கும். அந்தப் பெண் கணக்கில் வீக் ஆகிவிடுவாள். ஒன்பது வருடமாகச் சொன்னபடி ஓடிய கடிகாரம் பொய்க் கடிகாரம் ஆகிவிடும். பிசுபிசுவைக் கொடுத்தால் அடுத்த மாதம் வேறு வேலை. இதையெல்லாம் அவள் யோசிக்கத்தான் செய்தாள். ஆனால் உள்ளே குடைந்துகொண்டிருந்தது வேறு. 'உன் ரேடியோ மூணு நிமிஷம் ஸ்லோ.' அதை மட்டும் அவளால் செரிக்க முடியவில்லை. எங்கோ ஒரு நாட்டில் விஞ்ஞானிகள் ஒன்றுகூடி அனுப்பும் மணி ஸ்லோவாம். வாலிபால் கேப்டனின் வாட்ச் ரைட்டாம்.

மல்லித்தூள் வாசனையோடு பழைய நோட்டு வெளியே வந்தது.

அப்துல் கனி நின்றபடியே படித்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம், பத்துப் பக்கம். ஒன்றரை, ஒன்றரை, ஒன்றரை. கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். "மூணு நிமிஷம் முன்னால. முள் நகர்த்தப்பட்டது. நேத்து வரைக்கும் ஆறு பின்னால." ஸ்நேகாவிடம் நோட்டைக் காட்டினார். "இத்தக் கழிச்சு இன்னொரு வாட்டி போடும்மா."

ஸ்நேகா போட்டாள். இந்த முறை கோடு கும்மிடிப்பூண்டிக்குள் வந்து, கல்லூரிக்கு ஒரு மைல் கிழக்கே, மார்க்கெட் பக்கமாக இறங்கியது.

"மீன் வாங்கிக்கினு நடந்தே வந்துரலாம்" என்றார் அப்துல் கனி. ஸ்நேகா முதல் தடவையாகச் சிரித்தாள். "முள்ள யாரு நகத்துனது?" என்று கேட்டார் அவர்.

மறைக்க வேண்டிய விஷயம் என்று கேப்டனுக்குத் தோன்றவே இல்லை. "நான்தான். எட்டு மாசமா தப்பா ஓடிக்கிட்டிருந்தது. நான்தான் ஒரே நிமிஷத்துல சரி பண்ணேன். இதை வெச்சு." மணிக்கட்டு உயர்ந்தது. தங்கம் வெயிலில் மின்னியது.

அப்துல் கனி அந்த வாட்சைப் பார்த்தார். தன் வாட்சைப் பார்த்தார். செல்போனைப் பார்த்தார். "உங்களது மூணு நிமிஷம் பாஸ்ட்டா இருக்கே."

"உங்களதுதான் ஸ்லோ" என்றார் கேப்டன்.

"ஐய, அத்தப் போயி இன்னாத்துக்கு சார் பாக்கறீங்க?" என்றான் ரகு, காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே. "அது அம்மா வெச்ச டைமு."

கேப்டன் மெதுவாகத் திரும்பினார். "எந்த அம்மா?"

"நம்ம சின்னப்பொண்ணு அம்மாதான் சார். உங்க ஊட்டம்மா." சொல்ல ஆரம்பித்தவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. "நீங்க பாத்ரூம்ல போனா லேசுல வரமாட்டீங்க. நம்ம ஊட்டாண்ட ரயில் கேட்டு போட்டுட்டா, கூட்ஸ் போயிக்கினே இருக்கும், அரை மணி நேரம் பேஜாரு. அதான் அம்மா மூணு நிமிஷம் தள்ளி வெச்சிடுவாங்க. பேட்டரி மாத்துனா மறுபடியும் தள்ளி வெப்பாங்க. எட்டு வருஷமா இப்படித்தான். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேனே சார்! ஊர்ல எல்லா ஊட்லயும் கழிச்சுத்தானே பாப்பாங்க?"

கேப்டனின் நேவி டைம் என்பது சின்னப்பொண்ணு அம்மா டைம் என்று தெரிந்ததும், மாடியில் ஒருவரும் சிரிக்கவில்லை. எபினேசர் மட்டும் தும்மினார். தும்மல்தான் என்று பிறகும் சாதித்தார்.

அப்துல் கனிக்குக் கேலி செய்யும் உத்தேசமே இல்லை. உண்மையாகவே வியந்துபோயிருந்தார். "எட்டு வருஷமா அதே மூணு நிமிஷமா? கூடாம, கொறையாம? கேப்டன், உங்க ஊட்டம்மாவக் கப்பலுக்கு அனுப்பியிருக்கணும். நீங்க கழிச்சுக்கத் தெரியாம இருந்ததுதான் தப்பு. வாட்ச்சு மேல தப்பில்ல."

கேப்டன் எபினேசரைப் பார்த்தார். பழக்கதோஷம்.

"கரெக்ட் சார்" என்றார் எபினேசர். இந்த முறை அப்துல் கனியைப் பார்த்து.

கீழே வந்து அறிக்கைப் படிவத்தைப் பூர்த்தி செய்தார்கள். குரோனோமீட்டர் பராமரிப்பு: திருப்தி. பதிவேடு: மிகத் திருப்தி. அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"பொறுப்பாளர் பேரு சாராள். பதவி?"

"கான்ட்ராக்ட்" என்றார் கேப்டன். குரல் ஒரு நாளில் நான்கு பட்டை இறங்கியிருந்தது.

"இந்தக் கட்டத்துல நிரந்தர ஊழியர் பேருதான் வரணும். கான்ட்ராக்ட்னு எழுதுனா அனுமதி வராது. நான் வேணும்னா மத்தியானம் வரைக்கும் உக்காந்திருக்கேன். நாஷ்டா துன்னாச்சு, அவசரமில்ல." அப்துல் கனி பேனாவை மூடி வைத்தார். "இல்ல, இந்தம்மாவ அனுப்பிட்டு வேற ஆளு போடறதா இருந்தாலும் சரி. அந்த ஆளு எட்டு மாசம் நோட்டு எழுதுனதுக்கப்புறம் வரேன்."

கேப்டனின் கை டிராயருக்குப் போனது. காகிதம் வந்தது. கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்குக் கீழே தேதியும் நேரமும் போடுவது அவர் வழக்கம். நேவி பழக்கம் என்பார். தங்க வாட்சைப் பார்த்தார். தயங்கினார். வேறு வாட்ச் அவரிடம் இல்லை. "11.20" என்று எழுதிக் கொடுத்தார்.

சாராள் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிப் படித்தாள். ஆய்வகத்துக்குப் போய்க் குரோனோமீட்டரைப் பார்த்தாள், கழித்தாள். பதினொன்று பதினெட்டு. இரண்டு நிமிடம் கழித்துத்தான் அவள் நிரந்தரம். அதுவரை ஒப்பந்த ஊழியராகவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு நிரந்தர ஊழியராகத் தேசப்பனுக்குப் போன் போட்டாள்.

"இன்னிக்கி மட்டும் 'இதோ வந்துட்டேன்'னு சொல்லிக்கினு நிக்காத. சீக்கிரமா ஊட்டுக்கு வா. கறி எடுத்தாரேன்."

நிமிட முள்ளை அவள் திரும்ப நகர்த்தவில்லை. விதி விதிதான். ஆறு பின்னால் என்பது மூன்று முன்னால் ஆகிவிட்டது; இனி அதிலிருந்து தினமும் ஒன்றரை விநாடி குறையும்.

மறுநாள் கேப்டன் வாட்சை மூன்று நிமிடம் பின்னால் தள்ளி, சரியான நேரம் கட்டிக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பினார். கேட் போட்டிருந்தது. இரண்டு கூட்ஸ், ஒரு எக்ஸ்பிரஸ். முப்பத்தைந்து நிமிடம் தாமதமாகக் கல்லூரிக்கு வந்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலை, வாட்ச்மேன் சல்யூட் அடிக்கும்போது, மிகச் சரியான நேரத்துக்கு வந்து இறங்கினார். வாட்சை யார் தொட்டார்கள் என்று ரகு சொல்லவில்லை. ஒரு முறை சொன்னது போதும் என்று இருந்திருப்பான்.

அன்று எட்டு மணிக்கு, சாவி கொடுத்து முடித்ததும், சாராள் யாருக்கும் வேண்டாத அந்தப் பூஜ்ய நோட்டைப் பையிலிருந்து எடுத்தாள். இருநூற்று நாற்பது பூஜ்யம் போக நிறையப் பக்கம் மிச்சமிருந்தது. புதுப் பக்கத்தில் தலைப்புப் போட்டாள்: "கேப்டன் வாட்ச்." ஜன்னல் வழியாக அவர் மணிக்கட்டு போகும்போது எட்டிப் பார்த்து, ரேடியோவோடு ஒப்பிட்டு எழுதினாள்:

"ஜூன் 18. முன்னால் 3 நிமிடம். நாளுக்கு நாள் மாற்றம் பூஜ்யம். நம்பகமானது."